உச்சங்களின் பேரேடு

கணினி விளையாட்டு ஒன்றைத் திறனாய்வுக்குரிய படைப்பாகக் கொள்வது முறையா என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் எடைபோடும் பக்கங்களில் இதற்கென்ன இடம் என்பது அவர்தம் ஐயம். நம் இல்லங்களில் இளையோர் எத்தனை இரவுகளை இவ்விளையாட்டுகளின்முன் கழிக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால் ஐயம் தானே அகலும். ஒரு தலைமுறை கண்விழித்துப் பார்ப்பதை நாம் ஊன்றிப் பாராமலே பழிப்பதும் புகழ்வதும் அறமன்று. எனவே ‘எலைட் டேஞ்சரஸ்’ என்னும் விண்வெளி விளையாட்டையும், அதனை ஆடுவோர் தாமாகவே முனைந்து எழுதிவரும் விந்தையான பேரேட்டையும் இங்கு நோக்கத் துணிந்தோம். விளையாட்டைக் காட்டிலும் பேரேட்டின்மீதே நம் கருத்து மிகுதியும் செல்லும் என்பதை முன்னரே கூறிவிடுகிறோம்.

1984-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவர் ‘எலைட்’ என்ற விளையாட்டை ஆக்கினர். அக்காலக் கணினியின் நினைவகம் மிகச் சிறிது. இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றைக்கூட அது கொள்ளாது. அந்தச் சிமிழுக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்துக்கு 256 உலகங்களையும் அவர்கள் அடைத்தனர். எப்படி? உலகம் எதையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. தொடக்க எண்கள் சிலவற்றையும் ஒரு கணக்கு விதியையும் மட்டுமே வைத்தனர். ஆடுபவர் ஓர் உலகத்தை நாடிச் செல்லும்போது விதி அவ்வுலகத்தைக் கணக்கிட்டுத் தரும். அவர் அகன்றதும் அது மறையும். மீண்டும் வந்தால் முன்னிருந்தபடியே தோன்றும்.

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவுக் குடும்பத்தாருக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதே இல்லை. பாவில் வண்ண நூல் கோத்த வரிசையும், ஊடை மாறும் முறையும் தெரிந்துவிட்டால், இன்னும் நெய்யப்படாத துணியில் எந்தக் கட்டம் எங்கே விழும் என்பதை அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். துணி முழுவதும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அது முடிவாகிவிட்டது.

இதே முறையைப் பேரளவில் விரித்து, 2014 டிசம்பரில் ‘எலைட் டேஞ்சரஸ்’ வெளிவந்தது. நம் பால்வெளி மண்டலத்தையே அதன் முழு அளவில், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்களோடு அது படைத்துக் காட்டுகிறது. வானியலார் அட்டவணைகளிலிருந்து எடுத்த உண்மை விண்மீன்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் அதனுள் உள்ளன. எஞ்சியவற்றை விதி நிரப்புகிறது. அவ்விதியும் வெறும் குருட்டுத் தாயமன்று. மண்டலத்தின் எப்பகுதியில் எவ்வளவு பொருள் உண்டு, எத்தனை வயதான விண்மீன்கள் உண்டு என்பனவற்றை இயற்பியலுக்கு இயைய வைத்துக்கொண்டு, அப்பொருளிலிருந்து விண்மீனையும் கோளையும் திரட்டித் தருகிறது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும், ஆடுவோர் அனைவரும் சேர்ந்து கண்டது இம்மண்டலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இவ்விளையாட்டில் போரிடலாம், வாணிகம் செய்யலாம், சரக்கேற்றலாம். அவற்றைப் பற்றி நமக்குச் சொல்ல அதிகமில்லை. பிற விளையாட்டுகளிலும் அவை உண்டு. தனிச்சிறப்பு அதன் நாடாய்வுப் பகுதியில்தான். சிறு கப்பலொன்றில் ஏறி, விண்மீனுக்கு விண்மீன் தாவி, ஆங்காங்கே உள்ள கோள்களை அளவெடுத்து, அவ்வளவுகளை ஏதேனுமொரு நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தால், அவற்றை முதலில் கண்டவர் என்று ஆடுபவரின் புனைபெயர் அந்த விண்மீனோடு பொறிக்கப்படும். அடுத்து வருவோர் அனைவரும் அப்பெயரைக் காண்பர். ஒப்படைக்குமுன் கப்பல் அழிந்துபோனால் அளவுகள் அத்தனையும் தொலையும், பெயரும் கிட்டாது. மாதக்கணக்கில் சுற்றித் திரட்டிய செல்வத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வணிகனின் படபடப்பு இதனால் அவ்விளையாட்டுக்குள் வந்துவிடுகிறது. படைப்பாளிகள் செய்த மிக நல்ல முடிவு இதுவே என்பது நம் கணிப்பு. இழக்க ஏதுமில்லாத பயணத்தை யார்தான் மதிப்பர்?

2018 டிசம்பரில் இந்த நாடாய்வு முறை மாற்றப்பட்டது. அதற்குமுன் ஒரு பொத்தானை அழுத்தினால் அவ்விடத்துக் கோள்கள் யாவும் ஒருங்கே தெரிந்துவிடும். அதன்பின், பழைய வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி நிலையம் தேடியதுபோல் அலைவரிசையைத் திருப்பி ஒவ்வொரு கோளாகத் தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. பழகியோர் சிலர் முணுமுணுத்தனர். நாம் அம்மாற்றத்தை வரவேற்போம். தேடும் கைக்கு ஒரு வேலை தருவது நன்று.

இனிப் பேரேட்டுக்கு வருவோம். விளையாட்டை ஆக்கிய நிறுவனம் இதனை எழுதவில்லை. ஆடுவோரின் கணினியில் பதிவாகும் அளவுகளைத் துணைச் செயலிகள் பொதுத் தொகுப்புக்கு அனுப்புகின்றன. தன்னார்வலர் சிலர் அதனைச் சலித்து, விண்மீன் வகை ஒவ்வொன்றிலும், கோள் வகை ஒவ்வொன்றிலும் உச்சங்களை எழுதி வைக்கின்றனர். நிறையில் மிக்கது எது, குறைந்தது எது, ஆரத்தில், வெப்பத்தில், ஈர்ப்பில், சுழலும் வேகத்தில் எது முந்தியது, எந்தக் கோளின் பாதை மிகவும் நீண்ட முட்டை வடிவானது, எது தன் விண்மீனைச் சில மணி நேரத்தில் சுற்றி முடிக்கிறது, யார் கண்டார். புதிய உச்சம் வந்ததும் பழையது கீழிறங்கும். கூலி கொடுப்பார் இல்லை. இத்தனை பேர் இத்தனை இரவுகளில் இதனைச் செய்கிறார்கள் என்பதே நம்மை நின்று பார்க்க வைத்தது.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்பவர். விடுமுறைக்கு வீடு வரும்போது, பழையதாக வாங்கிய கணினியில் இதனை ஆடுவார். நமக்கு விளையாட்டை இயக்கிக் காட்டி விளக்கியவர் அவரே. விண்மீன்களின் பெயர்களில் ஒரு சூக்குமம் உண்டென்று அவர் வழியாக அறிந்தோம். விதி தந்த விண்மீன் குடும்பங்களின் பெயரில் ஆங்கிலத்தின் ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டெழுத்துகளுள் ஒன்று வரும். அது அக்குடும்பத்தின் மொத்த நிறையைக் குறிக்கும் எழுத்து. ‘ஏ’ என்றால் மெலிந்த செங்குறுமீன். ‘எச்’ என்றால் மிகக் கனத்த விண்மீனோ கருந்துளையோ இருக்கலாம். “எச் போட்ட பேரா இருந்தா மட்டும்தான் ஃபாதர் போவேன், மத்ததெல்லாம் சும்மா சிவப்புப் புள்ளி” என்றார் அவர்.

உச்சம் தேடுவோர் பலரும் இப்படித்தான் செய்கின்றனர். நூலின் பொருளடக்கத்தைப் பார்த்து, அதிர்ச்சி தரும் இயல்களை மட்டும் படிப்பதற்கு இது ஒப்பாகும். அவர்களைக் குறைகூறுமுன் நம் கண்ணையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். நம்மைச் சூழ்ந்த விண்மீன்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கு செங்குறுமீன்கள் என்பர் வானியலார். அவற்றுள் ஒன்றேனும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. நம் முன்னோர் நாள்மீன்களாக எண்ணிய திருவாதிரையும் கேட்டையும் பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் கண்ணைப் பறிக்கும் அரிய செம்பூதங்கள். வெறுங்கண் பார்க்கும் வானமே ஓர் உச்சப் பட்டியல்தான். நெடிது வளர்ந்தோர் மட்டும் தெரியும் திருவிழாக் கூட்டத்தைப்போல. ஆகவே ‘எச்’ எழுத்தை நாடுவது இளைஞர் கண்டுபிடித்த குற்றமன்று.

ஆயினும் பேரேட்டைத் திறனாய்வோன் ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டும். இவ்விளையாட்டில் மிகக் கனத்த விண்மீனைக் கண்டவர் உண்மையில் எதைக் கண்டார்? நெசவாளரின் துணியை மீண்டும் எண்ணுக. நூறு கெஜத்தில் மிகப் பெரிய கட்டம் எது என்று ஒருவர் தேடிக் கண்டால், அவர் பாவின் வரிசையில் எவ்வண்ணம் மிகுதியாகக் கோக்கப்பட்டது என்பதைத்தான் அறிகிறார். விளையாட்டின் உச்சமும் அத்தகையதே. விதியை எழுதியவர் இட்ட வேலி எங்கே நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. சில வேளைகளில் அவ்வேலியின் ஓட்டையையும் காட்டும்: இயற்கையில் இருக்கவொண்ணாத அளவுகள், பழைய பதிப்பில் தவறாக எழுந்த எண்கள் முதலியன தொகுப்பில் கலந்துவிடுவதுண்டு. அவற்றை ஏற்பதா தள்ளுவதா என்று பேரேட்டார் முடிவு செய்தாகவேண்டும்.

விதியை நாம் தாழ்வாக மதிப்பிடுவதாக எண்ணவேண்டாம். 2017 பிப்ரவரியில், ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ‘டிராப்பிஸ்ட்-1’ என்னும் மங்கிய விண்மீனைப் பூமியையொத்த அளவில் ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று வானியலார் அறிவித்தனர். உலகம் வியந்தது. விளையாட்டை ஆக்கியோர் தம் மண்டலத்தில் அவ்விடத்தைத் தேடிப் பார்த்தபோது, அதற்கு மிக அருகிலேயே ஏழு பாறைக் கோள்களோடு ஒரு மங்கிய உடுவை விதி முன்னரே உருவாக்கி வைத்திருந்தது தெரியவந்தது. அளவுகளைத் திருத்தி அதற்கே அப்பெயரைச் சூட்டினர். தற்செயல் இதில் பெரும்பங்கு கொண்டது என்றே நாம் கருதுகிறோம். எனினும் எத்தகைய விண்மீனுக்கு எத்தகைய கோள்கள் பொருந்தும் என்று விதி ஓரளவு சரியாகவே நினைத்திருந்தது என்பதையும் மறுக்கவியலாது. மெச்சத்தக்க ஆக்கம்தான்.

குறை வேறிடத்தில் உள்ளது. விளையாட்டில் அளவு உண்டு, ஐயம் இல்லை. கோளை நோக்கிக் கருவியைத் திருப்பியதும் அதன் நிறை, ஆரம், வெப்பம் யாவும் புள்ளிக்குப் பின்னும் பல இலக்கங்களோடு திரையில் வந்து நிற்கின்றன. அவை சரியா என்று கேட்க வழியில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. விதி சொன்னதே உண்மை.

மெய்யான வானத்தில் உச்சம் ஒருபோதும் இவ்வாறு கைக்கு வருவதில்லை. பெரிய மெகல்லானிய மேகத்திலுள்ள ‘ஆர்136ஏ1’ என்னும் விண்மீன் 265 ஞாயிறுகளின் நிறையுடையது என்று 2010-இல் கணித்தனர். 2022-இல் இன்னும் கூர்மையாகப் படமெடுத்துப் பார்த்தபோது அது 200 அளவுக்கு இறங்கியது. விண்மீன் இளைத்துவிடவில்லை, நம் பார்வை தெளிந்தது. இன்னொன்று கேளுங்கள். ‘எச்டி 140283’ என்னும் மிகப் பழைய விண்மீனின் வயது 1,446 கோடி ஆண்டு என்று 2013-இல் ஒரு கணிப்பு வந்தது. பேரண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. தாயினும் மூத்த பிள்ளையா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் அக்கணிப்பை வெளியிட்டோர் தம் எண்ணோடு, ‘80 கோடி ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்றும் சேர்த்தே எழுதியிருந்தனர். அந்தக் கூடுதல் குறைச்சலைக் கணக்கிற்கொண்டால் முரண் இல்லை. அறிவியலின் நாணயமெல்லாம் அந்தப் பின்குறிப்பில்தான் குடியிருக்கிறது. விளையாட்டின் பேரேட்டில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

எனின், இவ்வளவு உழைப்பும் வீணா? வீணென்று கூற நமக்கு மனமில்லை. காரணத்தை விளங்கிக்கொள்ளச் சென்னை நுங்கம்பாக்கம்வரை செல்லவேண்டும்.

அங்கே 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வு நிலையமொன்றை நிறுவினர். கருவியைத் தாங்க நாட்டிய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளின் எழுத்துப் பொறிப்புகளோடு இன்றும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. அந்நிலையத்தில் 1830 முதல் பணியாற்றிய தாமஸ் கிளான்வில் டெய்லர், 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து 1844-இல் சென்னை அட்டவணையாக வெளியிட்டார். அந்த அட்டவணையைப் புரட்டினால் வியப்பூட்டுவது ஏதும் கண்ணில் படாது. எண்கள், மேலும் எண்கள். ஒவ்வொரு விண்மீனும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் காத்திருந்து குறித்தவை. மிகப் பெரியது, மிகச் சூடானது என்ற பேச்சே அங்கில்லை.

அதே நிலையத்தில் 1861 முதல் தலைவராயிருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர் அவரே. அவரிடம் உதவியாளராயிருந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவர், இளமையிலேயே நிலையத்தில் சேர்ந்து, இரவுதோறும் நோக்கும் பணியில் தேறினார். 1867-இல், தென்வானில் ‘ரெட்டிகுலம்’ என்னும் சிறு கூட்டத்தைச் சேர்ந்த ஒரு விண்மீன் தன் ஒளியை மாற்றிக்கொள்வதைக் கண்டறிந்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கொரு முறை அது பொலிந்து, பின் தொலைநோக்கிக்கும் அரிதாகும்வரை மங்கும். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவன்முன் கடந்த நிகழ்ச்சியை விளக்கி நம்நாட்டு மொழிகளிலும் நூல் எழுதினார். தமிழ்ப் பாடநூல்களில் இவர் பெயருக்கு இருக்கவேண்டிய இடம் இன்னும் கிட்டவில்லை என்பது நம் வருத்தம்.

நாம் கூறவந்தது யாதெனில், ஒளி மாறும் விண்மீனை ஒருமுறை பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. முன்னர் ஒருநாள் இவ்வளவு ஒளியோடு இருந்தது என்று எவரேனும் எழுதி வைத்திருக்கவேண்டும். அல்லது, தானே எழுதி வைத்ததை மறுபடியும் ஒத்துப் பார்க்கவேண்டும். வியப்பற்ற பட்டியல்தான் வியப்புக்குத் தொட்டில். ஆயிரம் சாதாரண விண்மீன்களைப் பொறுமையாகக் குறித்த கைக்கே ஒரு மாறுமீன் அகப்பட்டது. ‘எச்’ எழுத்தை மட்டும் நாடிச் சென்றிருந்தால் ரகுநாதாசாரிக்கு அது கிடைத்திராது.

போக்சனின் கதையில் விளையாட்டு ஆடுவோர் தம்மையே காணலாம். அவர் தலைமையில் திரட்டிய விண்மீன் அளவுகளுட் பல, நெடுங்காலம் அச்சேறாமலே கிடந்தன. 1891-இல் அவர் மறைந்தார். எஞ்சியவற்றை ஒழுங்குசெய்து வெளியிடும் பணியை அடுத்து வந்த மிச்சி ஸ்மித் முடித்தார். சரக்கு மடியில் இருக்கும்போதே கப்பல் கவிழ்ந்தது. நல்லூழாக வேறொருவர் அதனைக் கரைசேர்த்தார். ஒப்படைக்காத அளவு அளவாகாது என்ற விளையாட்டின் விதி எவ்வளவு மெய்யானது என்பதை நுங்கம்பாக்கத்து ஏடுகள் காட்டும்.

இவ்வளவும் கூறியபின் பேரேட்டுக்குத் திரும்பினால், அதில் நாம் முன்னர்க் குறிப்பிடாத ஒரு நன்மை கண்ணில் படுகிறது. நல்ல பேரேடுகள் உச்சத்தை மட்டும் எழுதுவதில்லை. இவ்வகையில் இதுவரை எத்தனை எண்ணப்பட்டன, அவற்றின் சராசரி யாது என்பதையும் அருகிலேயே குறிக்கின்றன. ஆடுவோர் பெரும்பாலோர் அக்கட்டத்தைத் தாண்டிச் சென்று தம் பெயரைத் தேடுவர் போலும். நாம் அதனையே முதலில் படித்தோம். உச்சம் எவ்வளவு உச்சம் என்று சொல்வது அந்த எண்கள்தாம். ஆடுவோர் போகிற போக்கில் அளந்து விட்டுச் சென்ற எண்ணற்ற ‘சும்மா சிவப்புப் புள்ளி’களின் கணக்கு அது. அவற்றை முதலில் கண்டவர் பெயரும் விண்மீனோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. உச்சப் பட்டியலில் மட்டும் வராது.

கூட்டுப் பயணம் ஒன்றைப் பற்றியும் ஒருவரி எழுதவேண்டும். 2019 ஜனவரியில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்றாகப் புறப்பட்டு, மண்டலத்தின் மறுகோடியில் ஏறத்தாழ 65,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ‘பீகிள் முனை’யை நோக்கிச் சென்றனர். சில மாதங்கள் நீடித்த பயணம். வழியில் அளந்தவை ஏராளம். பரிசு ஏதும் இல்லாத இடத்துக்கு இத்தனை பேர் சேர்ந்து போனார்கள் என்பது இக்காலத்துக்குச் சிறு செய்தியன்று.

இனி, இவ்விளையாட்டில் நாம் மிகவும் விரும்பிய பகுதிக்கு வருகிறோம். அது ஒரு பழைய புதுவைச் செய்தியோடு தொடர்புடையது.

1689 டிசம்பர். சயாம் நாட்டுக்குப் பிரெஞ்சு அரசர் அனுப்பிய இயேசு சபைக் கணித அறிஞருள் ஒருவரான ழான் ரிஷோ அடிகள், அங்கு எழுந்த கலகத்துக்குப்பின் புதுச்சேரியில் தங்கியிருந்தார். விடியலுக்குமுன் தென்கீழ் வானில் தோன்றிய வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்தபோது, வழியில் நின்ற ஒளிமிக்க ‘ஆல்ஃபா சென்டாரி’ விண்மீன்மேல் அவர் பார்வை விழுந்தது. கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்தது இரண்டாய்ப் பிரிந்து நின்றது. அவ்விண்மீன் இரட்டை என்று முதலில் குறித்தவர் அவரே. வால்மீனைத் தேடியவருக்கு வந்த உபரி அது. பெயர் பொறித்துக்கொள்ள அங்கு நிலையம் ஏதும் இல்லை. கடிதம் எழுதினார், அவ்வளவே.

அவ்விரட்டைக்கு மூன்றாவதாக ஓர் உடன்பிறப்பு உண்டென்று 1915-இல் தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் இன்னஸ் கண்டார். ‘பிராக்சிமா’ என்னும் அது செங்குறுமீன். ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன். ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இரட்டையிலிருந்து அது விலகி நிற்கும் தொலைவை ஒளியே கடக்க ஏறத்தாழ இரண்டரை மாதமாகும். 2016-இல் அதற்கொரு கோளும் உண்டென்று அறியப்பட்டது.

விளையாட்டில் ஆல்ஃபா சென்டாரிக்குத் தாவினால் கப்பல் பெரிய விண்மீனின் அருகே வெளிப்படும். பிராக்சிமாவின் பக்கத்தில் ‘ஹட்டன்’ என்ற சிறு நிலையம் உள்ளது. அங்கே செல்லக் குறுக்கு வழி கிடையாது. ஒளியைவிடப் பன்மடங்கு விரைவாகச் சென்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நேராகப் பறக்கவேண்டும். வழியில் ஒன்றுமில்லை. பிற இடங்களில் ஆயிரம் ஒளியாண்டைத் தாவித் தாவிக் கடந்து, தொலைவென்பதையே மறந்துவிட்ட ஆடுநர், இங்கு மட்டும் தொலைவின்முன் வெறுங்கையோடு அமர்ந்திருக்கிறார். அங்குப் போனால் பெருங்கப்பல் ஒன்று இலவசம் என்று பழையோர் புதியோரை ஏய்ப்பது வழக்கமாம். கிடைப்பது ஒரு குவளை. ‘ஹட்டன் குவளை’ என்று அதற்குப் பெயர்; வாங்கி வரலாம்.

விளையாட்டு முழுவதிலும் வானத்தின் மெய்யான தன்மையை நாம் உணர்ந்த இடம் இதுவே. படைப்பாளிகள் திட்டமிட்டு இதனைச் செய்தார்களா என்பது நமக்கு முக்கியமன்று. விதி தன் கணக்கைச் சுருக்காமல் விட்டது. உண்மை விண்மீன்களின் உண்மை இடைவெளியை அப்படியே வைத்தது. மற்ற எந்தக் கருந்துளையும் நெருப்புக் கோளும் தராத மலைப்பை ஒரு சிவப்புப் புள்ளிக்குப் போகும் வழி தந்துவிடுகிறது.

மே மாத இரவில் ஒன்பது, பத்து மணிக்கு, நம் ஊரில் தெற்கு மறைவில்லாத வயல்வெளியில் நின்று பார்த்தால், தொடுவானுக்குச் சற்று மேலே ரிஷோ அடிகள் பிரித்துக் கண்ட விண்மீன் ஒளிர்வதைக் காணலாம். சாலை விளக்குகள் குறுக்கிட்டாலும் அது மறைவதில்லை, அவ்வளவு பொலிவு. பிராக்சிமா அதன் அருகே எங்கோ, தெரியாமல், இருக்கிறது.

நம் இளைஞர் ஹட்டனுக்கு ஒருமுறை சென்றிருக்கிறார். கப்பலை நேரே செலுத்திவிட்டு, இரவுச் சோறு உண்டு, மறுநாள் வேலைக்கான சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, திரும்பி வந்து பார்த்தால் இன்னும் பாதிவழி மீதம் இருந்ததாம். அந்தப் பயணத்தை எழுதப் பேரேட்டில் கட்டம் இல்லை. வாங்கிய குவளையை விற்க மனம் வராமல், கப்பலின் சரக்கறையில் அப்படியே வைத்திருக்கிறார்.